காணாமல் போகவில்லை, வெளிக்கிட்டுப் போனாள்



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் நிறுத்திவிட்டு கொமென்ட் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிள்ளையின் போட்டோ சுற்றியது. அடையாள அட்டைக்கு எடுத்த படம். கீழே “காணவில்லை” என்று போட்டு பெயர், வயது, வாப்பாவின் பெயர், வீடு இருக்கும் வீதி, இரண்டு போன் நம்பர். லுஹர் தொழுகைக்குள் அது பக்கத்து ஊர்களைத் தாண்டி கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நம்மவர்களின் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னேரம், “யாரோ ஒரு பொடியனோட போய்ட்டாளாம்” என்று ஒரு குரல் பதிவு வந்தது. இஷாவுக்குப் பிறகு அந்தப் பொடியனுக்கு ஊரும் பெயரும்கூடக் கிடைத்துவிட்டன.

அப்படி ஒரு பொடியனே இல்லை. அந்தப் பிள்ளை காணாமலும் போகவில்லை.

அவள் எங்கள் பாடசாலையில் படித்தவள். அவளுக்குப் படிப்பித்தவர்களில் சிலர் இன்னும் இங்கேதான் இருக்கிறோம். அதனால்தான் ‘நாங்கள்’ என்று எழுதுகிறோம். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த அளவுக்கு மட்டும், ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி எழுதுகிறோம். தயவுசெய்து கொமென்டில் “இன்னாரின் மகளா?” என்று கேட்க வேண்டாம்.

வயது 24. உயர்தரத்தில் கலைப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் கெம்பஸ் கிடைக்கவில்லை. ஒரு டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருடமாகச் சம்பளம் எடுக்கிறாள். ஆனால் அந்தச் சம்பளத்தின் ஏடிஎம் அட்டை அவளுடைய நானாவின் பேர்சில் இருந்தது. பஸ் காசை ஒவ்வொரு நாள் காலையிலும் எண்ணிக் கொடுப்பார். பின்னேரம் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். இரவில் போனை வாங்கி ஒவ்வொரு மெசேஜாகப் பார்ப்பார். வேலைத்தலத்தில் ஒரு ஆண் மேலதிகாரி “நாளைக்கு நேரத்தோடு வாங்க” என்று அனுப்பிய ஒரு வரிக்காகக் கன்னத்தில் அடி விழுந்திருக்கிறது. அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது நிகாபைப் போட்டுக்கொண்டு போனாள். “மாஷா அல்லாஹ், பிள்ளை மாறிட்டாள்” என்று சிலர் சொன்னார்களாம்.

நான்கு கல்யாணப் பேச்சு வந்தது. நான்கும் குழம்பியது ஒரே காரணத்துக்காக: வீட்டு வேலை முடியவில்லை. ஒவ்வொன்றும் குழம்பிய அன்று பேச்சு வாங்கியவள் அவள்தான். ஐந்தாவதாக ஒருவர் வந்தார். ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். வாப்பாவுக்கு நாலைந்து வயதுதான் இளையவர். வீடு கேட்கவில்லை, கைக்கூலி கேட்கவில்லை. அது ஒன்றுதான் அவருடைய தகுதி. “எனக்கு ஏலாது” என்று அவள் சொன்னாள். மூன்று நாள் வேலைக்கு அனுப்பவில்லை. போன் சுவரில் பட்டு உடைந்தது. நாலாம் நாள் ஸுப்ஹுக்குப் பிறகு, ஒரு பையோடு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதி உம்மாவின் தலையணைக்குக் கீழ் வைத்துவிட்டுப் போனாள். யாரோடும் போகவில்லை, இன்ன ஊரில் கூட வேலை செய்த ஒரு பெண்ணின் வீட்டில் இருப்பேன், தேட வேண்டாம், நான் உயிரோடு நல்லாத்தான் இருக்கிறேன் என்று. போய் இறங்கிய ஊரில் பொலிஸுக்கும் போய், தானாகத்தான் வந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தாள். கடிதம் அன்று காலையிலேயே வீட்டாரின் கையில் கிடைத்துவிட்டது. குழுக்களில் சுற்றிய போட்டோவுக்குக் கீழே அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவள் எங்கே போனாள் என்று நாலு ஊர் தேடியது. ஏன் போனாள் என்று அவளிடம் கேட்டவர் எத்தனை பேர்? இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவது அது ஒன்றுதான்: அவளிடம் கேளுங்கள்.

நம் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு இளைஞன் வாப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போய் ஒரு கடையில் நின்றால் “உழைக்கப் போய்ட்டான், ரோஷக்காரன்” என்கிறோம். அதே வேலையை அவனுடைய தங்கச்சி செய்தால் “ஓடிப்போய்ட்டாள்”. அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆணும் ஒரு பாவமும் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு அவளுடைய தங்கச்சிமாருக்குக் கல்யாணம் பேசுவதில்கூட அந்தச் சொல் வந்து நிற்கும். வீட்டில் நடந்த எதுவும் அதற்குள் இல்லை.

இப்போது பிள்ளைகள் ‘டொக்சிக் ஃபெமிலி’ என்று சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கிறது. “ஏசினாலும் டொக்சிக், அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னாலும் டொக்சிக்” என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. எல்லாக் கண்டிப்பும் கொடுமை இல்லை. மகள் இரவில் எங்கே போகிறாள் என்று கேட்பதும், கல்யாணப் பேச்சில் இந்த இடம் சரிவராது என்று காரணம் சொல்வதும் பெற்றோரின் கடமை. வகுப்பில் பிள்ளைகளிடம் நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அது தெரியாத அளவுக்கு மங்கலானதும் இல்லை. அவள் உழைத்த காசு அவள் கையில் இல்லையென்றால், பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் பூட்டிய அலுமாரிக்குள் இருந்தால், ‘ஏலாது’ என்ற சொல்லுக்குப் பதில் அடியாக வந்தால், கூட்டாளிமாரும் சாச்சி பெரியம்மாமாரும் ஒவ்வொருவராக வெட்டப்பட்டு அவள் பேச ஆளே இல்லாமல் போனால், அதைக் கண்டிப்பு என்று சொல்ல முடியாது. கண்டிப்பான வீட்டில் வளரும் பிள்ளைக்கு வாப்பாவிடம் பயம் இருந்தாலும் கஷ்டம் வந்தால் முதலில் வாப்பாவிடம்தான் ஓடுவாள். மற்ற வீட்டுப் பிள்ளை வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எழும்பி அறைக்குள் போய்விடுவாள்.

அந்த நானாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவரும் எங்களிடம் படித்தவர். கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் என்பது நம் பழக்கம். வாப்பாவுக்கு ஏலாவிட்டால் அந்தப் பாரம் மூத்த ஆண் பிள்ளையின் தலையில் விழும். இவர் 19 வயதில் கட்டாருக்குப் போனவர். இரண்டு ராத்தாமாருக்கு வீடு கட்டி முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். வரும்போது முப்பது தாண்டிவிட்டது, இடுப்பு வலியும் கடனும்தான் மிச்சம். அதற்குள் 2022 வந்து சீமெந்தும் கம்பியும் தொட முடியாத விலைக்குப் போனது. மூன்றாவது வீடு அத்திவாரத்தோடு நின்றது. குமர்க் காரியம் என்று நாம் பள்ளியில் காசு சேர்க்கிறோம், அது நல்ல விடயம். ஆனால் ஒரு குமரைக் கரைசேர்க்க ஒரு இளைஞனின் வாலிபம் முழுவதும் போவதைப் பற்றி மிம்பரில் யாரும் பேசுவதில்லை. அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதற்காகத் தங்கச்சி மீது கை வைக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. அவளுடைய சம்பளமும் அவருடையதாகிவிடாது. ஆண் உழைத்தது ஆணுக்கு, பெண் உழைத்தது பெண்ணுக்கு என்பது சூரா அன்-நிஸாவின் 32ஆம் வசனத்திலிருந்து நாம் எல்லோரும் ஓதிப் படித்த பாடம்.

மார்க்கம் என்று வந்ததால் ஒரு ஸஹாபிப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறோம். நம் அஹதிய்யா பாடங்களில் இவரைப் பற்றிச் சொல்வது குறைவு.

உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரழி). உஸ்மான் (ரழி) அவர்களின் தாய்வழிச் சகோதரி. வாப்பா உக்பா இப்னு அபீ முஐத், மக்காவில் நபி (ஸல்) அவர்களுக்கு மிக மோசமான தொல்லை கொடுத்தவர்களில் ஒருவர். அந்த வீட்டில்தான் உம்மு குல்ஸூம் முஸ்லிமாக இருந்தார். ஹிஜ்ரி 6இல், அதாவது கி.பி. 628இல், ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டது. மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அதற்குப் பிறகுதான் இவர் வீட்டை விட்டு வெளிக்கிட்டு மதீனா வந்தார். அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பின்னாலேயே சகோதரர்கள் இருவர் வந்தார்கள், தங்கச்சியைத் திருப்பித் தாருங்கள் என்று. நபியவர்கள் கொடுக்கவில்லை. சூரா அல்-மும்தஹினாவின் 10ஆம் வசனம் இந்தச் சூழ்நிலையில்தான் இறங்கியது. ஹிஜ்ரத் செய்து வரும் முஃமினான பெண்களைச் சோதித்து அறியுங்கள், முஃமின்கள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பாதீர்கள் என்பது அதன் கருத்து.

அவர் வந்தது ஈமானுக்காக, இன்றைய பிள்ளைகள் போவது வேறு காரணங்களுக்காக, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் என்று மௌலவிமார் சொல்வார்கள். சரிதான், நாங்கள் ஒன்றாக்கவில்லை. அந்தச் சட்டம் காபிர்களிடமிருந்து வந்த பெண்களைப் பற்றியது. நாங்கள் எடுத்துக்கொள்வது அங்கே நடந்த ஒழுங்கை மட்டும்தான். அண்ணன்மார் வாசலில் வந்து நின்றபோது, வந்த பெண்ணைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலையாக இருந்தது. அவள் எதற்காக வந்தாள் என்பதை அவள் வாயால் கேட்டார்கள். ‘எங்கள் வீட்டுப் பெண், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற சொல் அங்கே போதுமானதாக இருக்கவில்லை.

கல்யாண விடயத்திலும் அப்படித்தான். கன்ஸா பின்த் கிதாம் (ரழி) தன் விருப்பமில்லாமல் வாப்பா கல்யாணம் முடித்து வைத்ததாக வந்து முறையிட்டார். நபியவர்கள் அந்த நிகாஹை ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கிறது. நம் நாட்டில் என்ன நிலைமை? 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தையே கேட்பதில்லை. வலி கையொப்பம் வைத்தால் போதும். அதைத் திருத்துவது பற்றி நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு போட்டார்கள், 2018இல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் வாதாடிக்கொண்டே இருக்கிறோம். சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது. நிகாஹுக்கு முன் ஒரு பெண் போய், தனியாக, வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாமல், அந்தப் பிள்ளையிடம் “உனக்கு விருப்பமா?” என்று கேட்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

“பெற்றோரை ‘சீ’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறானே?” என்று கேட்பீர்கள். ஆம். பெற்றோருக்கு உபகாரம் செய்வது வாஜிப். ஆனால் அநியாயத்துக்குக் கட்டுப்படுவது உபகாரம் இல்லை. லுக்மான் சூராவின் 15ஆம் வசனம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஷிர்க்கின் பக்கம் வற்புறுத்தினால் அவர்களுக்குக் கீழ்ப்படியாதே, ஆனாலும் உலக விடயத்தில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள். ஷிர்க்கின் பக்கம் இழுக்கும் பெற்றோருக்கே நல்ல நடத்தை உண்டு, கீழ்ப்படிதல் இல்லை. அப்படியானால் கீழ்ப்படிதலும் நல்ல நடத்தையும் ஒன்றல்ல. அன்-நிஸா 135, நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது பெற்றோருக்கு எதிராகப் போனாலும் சொல்லுங்கள் என்கிறது. இந்தப் பிள்ளையையே பாருங்கள். வீட்டை விட்டுப் போய் இரண்டாம் மாதத்திலிருந்து உம்மாவின் பிரஷர் குளிசைக்குக் காசு அனுப்புகிறாள். நானாவுக்குத் தெரியாமல் சாச்சி மூலம். தூரத்தில் இருந்துகொண்டும் மகளாக இருக்கலாம்.

அடுத்த கேள்வி, மஹ்ரம். “மஹ்ரம் இல்லாமல் ஒரு பெண் வேறு ஊரில் தங்கலாமா?” இது மார்க்க அறிஞர்கள் இடையே விரிவாகப் பேசப்பட்ட விடயம், நாங்கள் பத்வா கொடுக்க வரவில்லை. ஒரு கேள்வியை மட்டும் திருப்பிக் கேட்கிறோம். நாற்பது வருடத்துக்கு மேலாக நம் ஊர்களிலிருந்து பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாக சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய வீடுகள் ஒவ்வொரு வீதியிலும் இருக்கின்றன. அந்தப் பயணத்தில் எயார்போட் வரை கூடப் போன வாப்பாவோ புருஷனோ மஹ்ரமைப் பற்றிப் பேசியது குறைவு. காசு வீட்டுக்கு வரும்போது எழாத கேள்வி, காசு அவள் கையில் நிற்கும்போது மட்டும் எழுகிறது.

நம்மில் பலருக்குத் தெரியாத நாட்டுச் சட்டத்தையும் சொல்கிறோம்.

1989ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் 18 வயது நிறைந்தவர் வளர்ந்தவர். ஆணும் பெண்ணும் ஒன்றுதான், எந்த மதமானாலும் ஒன்றுதான். எந்த ஊரில் தங்குவது, எங்கே வேலை செய்வது என்பதை அவர் தீர்மானிக்கலாம். வீட்டார் ‘காணவில்லை’ என்று முறைப்பாடு செய்தாலும், அவள் வந்து “நான் விரும்பித்தான் போனேன்” என்று சொன்னால், வீட்டுக்குப் போ என்று கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தாய், தகப்பன், சகோதரர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். அடி மட்டுமல்ல, மனதை உடைக்கும் கடுமையான கொடுமையும் வருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். விசாரணை முடியும்வரை 14 நாட்கள் வரையான இடைக்காலக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரையான கட்டளையும் கொடுக்க முடியும். அவளால் ஏலாவிட்டால் அவளுக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 1929. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரிடமும் போகலாம்.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வெளியேறுவது சினிமாவில் காட்டுவது போல லேசான விடயம் இல்லை. போடிங் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக முதல் மூன்று மாதம் கையில் ஒன்றும் நிற்காது. பெருநாள் அன்று தனியாக இருந்து சாப்பிட வேண்டி வரும். தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் உதவி செய்ய வருபவர்களில் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. வீட்டிலிருந்து தப்புவதற்காக, முன்பின் தெரியாத ஒருவனைக் கல்யாணம் முடிக்காதீர்கள். அது பலருக்கு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போன மாதிரித்தான் முடிந்திருக்கிறது. ஏஜென்சிக்காரன் சொல்வதைக் கேட்டு அவசரமாக வெளிநாட்டுக்கும் ஏறாதீர்கள். முதலில் குடும்பத்துக்குள்ளேயே கேட்கக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். ஒரு மாமி, ஒரு பெரியப்பா, ஒரு மச்சி. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வேலை இருந்தால் உங்கள் பெயரில் வேறொரு வங்கிக் கணக்கு திறவுங்கள். சான்றிதழ்கள் கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். போக வேண்டி வந்தால் பகலில் போங்கள், எங்கே போகிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம். முதலில் வெளியே வாருங்கள்.

இனி ஊருக்கு.

அந்தப் பிள்ளை போன மூன்றாம் வாரம், மாமா ஒருவரும் பள்ளி நிர்வாகத்தில் மூவரும் அவளைப் பார்க்கப் போனார்கள். நல்ல எண்ணத்தோடுதான் போனார்கள், அதில் சந்தேகமில்லை. அரச அலுவலகம் ஒன்றில் வைத்துச் சந்தித்தார்கள். அவள் கேட்டது மூன்று: என்னுடைய சான்றிதழ்களும் ஏடிஎம் அட்டையும் வேண்டும், அந்தக் கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டும், நானா கை வைக்க மாட்டேன் என்று உங்கள் முன்னால் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன பதில் ஒன்று: “முதல்ல ஊட்ட வா மகள், மறுகா எல்லாத்தையும் கதைப்பம்.” அவள் போகவில்லை. “பிடிவாதக்காரி” என்று ஊரில் வந்து சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். மூன்றில் எது பெரிய கோரிக்கை? முதலாவது அவளுடைய பொருள். இரண்டாவது மார்க்கம் அவளுக்குக் கொடுத்த உரிமை. மூன்றாவதை எந்த முஸ்லிமும் கேட்காமலே சொல்ல வேண்டும். அவளிடம் இருந்த ஒரே பலம் அவள் வெளியே நிற்பதுதான். அதை முதலில் கொடுத்துவிடு, பிறகு உன் கோரிக்கையைப் பார்ப்போம் என்றால், அதை இஸ்லாஹ் என்று எப்படிச் சொல்வது? மனிதர்களுக்கு இடையே சமாதானம் செய்து வைக்கிறவர், அதற்காக நல்லதை எடுத்துச் சொல்கிறவர் பொய்யர் ஆகமாட்டார் என்ற கருத்துள்ள ஒரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நம் ஊரில் பிணக்குத் தீர்க்கப் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஹதீஸ் அது. அதை அறிவித்தவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன அதே உம்மு குல்ஸூம் (ரழி). திருப்பி அனுப்பப்படாத அந்தப் பெண் வழியாகத்தான் சமாதானத்தைப் பற்றிய அந்த ஹதீஸ் நமக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வேண்டுகோள்கள் பெரியவை இல்லை.

ஒன்று, 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் படத்தை “காணவில்லை” என்று எந்தக் குழுவிலும் போடாதீர்கள், வந்தால் அனுப்பாதீர்கள். உண்மையில் காணாமல் போயிருந்தால் அது பொலிஸின் வேலை, பொலிஸ் அறிவித்தால் அப்போது பகிரலாம். இந்தப் பிள்ளையின் போடிங் வீட்டு உம்மாவுக்கும் அந்தப் போட்டோ போய்ச் சேர்ந்து, அறையைக் காலி பண்ணச் சொல்லும் நிலைமை வந்தது. அவள் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியைக் காட்டித்தான் அங்கே இருக்க முடிந்தது. குரல் பதிவு போட்டவர்கள் சூரா அந்-நூரின் 4ஆம் வசனத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். நான்கு சாட்சி இல்லாமல் ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுகிறவனின் சாட்சியத்தையே இனி ஏற்க வேண்டாம் என்கிறது அது.

இரண்டு, ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் பெண்கள் வந்து பேசக்கூடிய இரண்டு, மூன்று பெண்களை நியமிக்கட்டும். ஓய்வு பெற்ற டீச்சர்மார், மருத்துவமாதுகள், ஆலிமாக்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. இந்தப் பிள்ளைக்கு முதல் அடி விழுந்த நாளில் போய்ச் சொல்ல அப்படி ஓரிடம் இருந்திருந்தால், கடைசி நாளில் பஸ் ஏறியிருக்கத் தேவையில்லை. வெளியேறுகிற பிள்ளைகளைக் குறைக்க வேண்டும் என்றால் கதவைப் பூட்டுவதால் முடியாது. வீட்டுக்கு வெளியே, ஊருக்கு உள்ளே, ஓரிடம் வேண்டும்.

மூன்று, சமாதானம் பேசப் போகிறவர்கள் முதலில் அவள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதில் உடனே செய்யக்கூடியதைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் பேச்சை எடுங்கள். வருவதா இல்லையா என்ற முடிவை அவளிடமே விடுங்கள். பரீரா (ரழி) விடுதலையான பிறகு கணவரோடு இருக்க விரும்பவில்லை. கணவர் அழுதுகொண்டு பின்னால் திரிந்தார். நபியவர்களே அவருக்காகப் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் வேண்டாம் என்றார் பரீரா. யாரும் அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்லவில்லை. அல்லாஹ்வின் தூதருக்கே ஒரு பெண்ணின் ‘வேண்டாம்’ போதுமாக இருந்தது.

கடைசியாக வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும். உங்களில் அநேகம் பேர் அப்படியான வீடு நடத்துபவர்கள் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து மகளின் புள்ளிகளைப் பார்த்துக் கண் கலங்கிய வாப்பாமாரை வருடா வருடம் பார்க்கிறோம். உங்களிடம் ஒரு சின்ன வேலைதான் கேட்கிறோம். இன்று இரவு அலுமாரியைத் திறந்து, மகளின் பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரம், உயர்தரம் பெறுபேறு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவள் கையில் கொடுங்கள். இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுங்கள். தன்னுடைய பொருள் தன் கையில் இருக்கும் வீட்டில் இருந்து யாரும் தலையணைக்குக் கீழ் கடிதம் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். வேலைக்கோ படிப்புக்கோ ஒருநாள் வேறு ஊருக்குப் போனாலும், வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போவாள். பெருநாளைக்கு வருவாள்.

வஸ்ஸலாம்.